ஒன்பது இல்லாத பலகை

வாக்குமூலத்தைத் தொடங்கும்முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மேடம். உங்கள் எழுத்தருடைய கீழ்ப்பல் செட் அவருக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு வரி எழுதி முடித்ததும் நாக்கால் தள்ளி அதை உட்காரவைக்கிறார், பாருங்கள். அச்செடுத்த டாக்டர் அவசரப்பட்டிருப்பார், இல்லையென்றால் செய்தவன் உள்விளிம்பைச் சரியாக ராவவில்லை. பத்து நிமிட வேலைதான். ஈறு புண்ணாவதற்குள் யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறவனுக்கு மனிதர் முகத்தில் வாய்தான் முதலில் கண்ணில் படும். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஒரு மேசை, மெருகு போடும் மோட்டார், இவ்வளவுதான் என் அறை. டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். நான் பிளாஸ்டர் வார்த்து, மெழுகில் பல்லைப் பல்லாக அடுக்கி, வேகவைத்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பேன். ஊரில் பாதிப்பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. செட் நன்றாக அமைந்தால் டாக்டருக்குக் கைராசி, உறுத்தினால் பின்னால் இருக்கிறவன் சரியில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, அந்தக் கேள்விக்குப் பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நீங்கள் சதுரங்கம் ஆடியதில்லை என்றீர்கள். பரவாயில்லை. தபால் சதுரங்கம் என்பது எதிராளியின் முகம் பார்க்காமல் ஆடுவது. என் நகர்வை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுவேன். நாலைந்து நாளில் போய்ச் சேரும். அவர் யோசித்துப் பதில் போடுவார். ஓர் ஆட்டம் முடிய இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகும். "ஆமைகூட இதுக்குள்ள ரெண்டு தடவை ஊரைச் சுத்தி வந்திருக்கும்" என்பாள் என் மனைவி. "நீங்க கட்டிக்கிட்டது என்னை இல்ல, போஸ்ட்மேனை" என்றும் சொல்வாள். முதல் பத்து வருடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நகர்வுகளை எண்களில்தான் எழுதுவோம். குறுக்கே எட்டு, நெடுக்கே எட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கம். 5254 என்றால் 52இல் நிற்கும் காய் 54க்குப் போகிறது என்று பொருள். ஆக, ஒன்றிலிருந்து எட்டுவரைதான் புழங்கும். பூஜ்யத்துக்கும் ஒன்பதுக்கும் அந்தப் பலகையில் வேலையே இல்லை. இதை மட்டும் எழுத்தர் தெளிவாக எழுதிக்கொள்ளட்டும்.

எதிராளி, உங்கள் கோப்பில் இறந்தவர் என்று குறிக்கப்பட்டிருப்பவர், கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் காதில் ஹெட்போனும் விரலடியில் குறுக்கியும் நீட்டியும் தட்டும் தந்திக் கட்டையுமாக இருந்த மனிதர். ஆட்டக்காரர்கள் நடுவில் அவருக்கு ரேடியோக்காரர் என்றுதான் பேர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. நேற்று நீங்கள் காட்டிய படத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். மேல்வரிசை முழுக்கச் சொந்தப் பல். அந்த வயதுக்கு அபூர்வம்.

நாங்கள் இருவரும் தபால் போட்டியின் இறுதிச் சுற்றில் மோதினோம். பதினோரு பேர் ஆடிய சுற்று. மற்ற ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆட்டத்தின் முதல் இருபது நகர்வுகளும் அப்படித்தான். ரேடியோக்காரர் திறமைசாலி, ஆனால் மனம் பாதி வெளியே இருக்கும். அட்டையின் அடியில் நாலு வரி எழுதுவார். முழங்கால் வலி, எதிர்வீட்டு நாய், தூரத்து ஊரில் வேலை பார்க்கும் ஒரே மகள். மனைவி போனபிறகு அக்கா மகன் வந்து கூட இருக்கிறான், தங்கமானவன், என் சட்டையைக்கூட அவனே இஸ்திரி போடுகிறான் என்று ஒருமுறை எழுதியிருந்தார். இருபத்து இரண்டாம் நகர்வில் எனக்கு ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தார். அடியில், மழை விட்டிருக்கிறது, நடக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தது. நடக்கப் போகிற அவசரத்தில் விட்ட சிப்பாய் அது. எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. வெல்வதானாலும் அப்படியா வெல்வது?

பிறகு மூன்று வாரம் அட்டை வரவில்லை. வந்தபோது முகவரி வேறு யாரோ எழுதியது. அடியில் ஒரு வரியும் இல்லை. வெறும் நாலு இலக்கம். கூடவே தனி உறையில் அக்கா மகனின் கடிதம். அது நான் அட்டைகளைப் போட்டுவைக்கும் தகர டப்பாவில் இருந்தது, இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. மாமாவுக்கு மனநிலை சரியில்லை, மாடி அறையில் ஓய்வில் இருக்கிறார், அட்டையில் எண்களைத் தவிர எதுவும் எழுத வேண்டாம், படித்தால் பதறுகிறார் என்று எழுதியிருந்தார். விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், உங்கள் அட்டை வந்தால் இரண்டு மூன்று நாளைக்குக் கதவைத் தட்டாமல் இருக்கிறார் என்பது கடைசி வரி.

கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். திறந்திருக்கும் கதவை உள்ளே இருப்பவர் தட்டமாட்டார். இது சதுரங்கம் தெரியாதவருக்கும் புரியும்.

அன்றைக்கே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டு விவகாரம், நமக்கெதற்கு ஊர்வம்பு என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் உண்மை அதுவல்ல. அந்த அட்டையில் இருந்த நகர்வைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்தாம் நகர்வு. அந்த ஆட்டத்தில் அவர் ஆடிய முதல் நல்ல நகர்வு. எனக்கு அடுத்த அட்டை வேண்டியிருந்தது.

அடுத்தது அதைவிட நன்றாக இருந்தது. அதற்கடுத்தது அதைவிட. என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் அவர் அங்கே ஏற்கெனவே வந்து நின்றார். நடை இல்லை, எதிர்வீட்டு நாய் இல்லை, பேச்சுத்துணை இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் அந்த அறுபத்துநான்கு கட்டம்தான். வைக்கோலில் மூடிவைத்த காய் பழுப்பதுபோல அவர் ஆட்டம் அந்த அறையில் பழுத்தது. என் ஆட்டமும் கூடவே ஏறியது. பகலில் மெழுகில் பல் அடுக்கும்போதுகூட விரல் தானாக நகர்வுகளைத் தேடும். இருபது வருடமாக ஆடிவருகிறேன், என்னிடம் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதை வெளியே எடுத்தது அந்தப் பூட்டு என்றால் கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் நான் இங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல வந்திருக்கிறேன்.

போட்டியில் ஒரு விதி உண்டு. ஒருவர் நடுவில் விலகினால் அவருடைய ஆட்டங்கள் எல்லாமே பட்டியலிலிருந்து அடிக்கப்படும். ஆடவே இல்லை என்று ஆகிவிடும். அந்த விதியை நான் எழுதவில்லை.

முப்பத்தோராம் நகர்வில் ரேடியோக்காரர் டிரா கேட்டார். அட்டையில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு, அதில் குறி போட்டிருந்தார். அதோடு, நீ இப்படி ஆடினால் நான் இப்படி ஆடுவேன் என்று முன்கூட்டியே எழுதும் வரி ஒன்று உண்டு. அதில் எண்களை நான்கு, நான்கு, இரண்டு என்று பிரித்து எழுதியிருந்தார். அந்த எண்களில் இரண்டு ஒன்பது இருந்தன, மூன்று பூஜ்யம் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. நான் முன்னறையில் பலகைக்கு முன்னால் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி துவைத்த துணி வாளியோடு மாடிக்குப் போகிற வழியில் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, போன் நம்பர் மாதிரி இருக்கு?"

"நகர்வு."

"ஒன்பதாம் நம்பர் கட்டம் ஏது? எட்டுக்கு மேல கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

இருபது வருடம் என் பேச்சில் எதையும் காதில் வாங்காதவள், அதை மட்டும் வாங்கி வைத்திருக்கிறாள்.

"தப்பா எழுதிட்டார் போல" என்றேன்.

"தப்பா எழுதற ஆளோடவா ஒன்றரை வருஷமா மல்லுக்கட்டறீங்க? போன் போட்டுப் பார்த்தா என்ன குறைஞ்சா போயிடும்? பண்ணுங்க." வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

நான் அந்த எண்ணை அழைத்தேன். ஏன் அழைத்தேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. மனைவி இறங்கி வந்து கேட்பாள் என்பதால் இருக்கலாம். யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும் என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். நான் இன்னார், உங்கள் வீட்டில் யாராவது தபாலில் சதுரங்கம் ஆடுகிறார்களா என்று கேட்டேன்.

"அப்பாவா நம்பர் கொடுத்தார்?" என்றாள். "அப்பாவுக்கு என் நம்பர் ஞாபகம் இருக்கா?"

மேடம், அந்தக் குரலில் இருந்ததை என்னால் எழுத்தருக்கு எழுதவைக்க முடியாது. அதனால் விட்டுவிடுகிறேன்.

அவளே பேசினாள். "அத்தான் சொல்றார், அப்பாவுக்கு நாள் கிழமை தெரியலையாம், என் பேரே மறந்துபோச்சாம். போன்ல என் குரலைக் கேட்டா அழறாராம், அதனால கொடுக்கறதில்லையாம். டாக்டர்கூட எழுதிக் கொடுத்துட்டார்னு சொல்றார். நான் எதை நம்பறது? நீங்க அவரோட ஆடறீங்களே, சார், அப்பா ஒழுங்கா ஆடறாரா? அதை மட்டும் சொல்லுங்க. ஆடறார்னா அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். நாளைக்கே வண்டி ஏறிவந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

ஒரு நகர்வுக்கு எனக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. இந்தக் கேள்விக்கு மூன்று மூச்சுதான் கிடைத்தது. என் கண்ணெதிரில் பலகை இருந்தது, முப்பத்தோராம் நகர்வு வரை வந்து நிற்கும் நிலை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் மொட்டைமாடியில் மனைவி ஈரத் துணியை உதறும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் இவள் நாளைக்கு வண்டி ஏறுவாள். மகள் வீட்டுக்குப் போன மனிதர் பலகையைத் தேடுவாரா? பேச்சும் சிரிப்பும் நடையுமாக ஆகிவிடுவார். ஆடினாலும் மழை விட்டதும் சிப்பாயைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிற பழைய ஆளாக ஆகிவிடுவார். இல்லை, விலகியேவிடுவார். ஆட்டம் அடிபட்டுப்போகும்.

"இல்லம்மா" என்றேன். "அவர் ஆடறதில்ல. உங்க நம்பர் பழைய அட்டை ஒண்ணுல இருந்துச்சு. எப்படி இருக்காரோன்னு கேட்கத்தான் கூப்பிட்டேன். இப்ப வர்ற அட்டையில எல்லாம் கிறுக்கல்தான் இருக்கு. மனசைத் தேத்திக்குங்க."

அவள் அழவில்லை. "சரிங்க சார்" என்றாள். என் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். நன்றியும் சொன்னாள்.

மனைவி காலி வாளியோடு இறங்கி வந்தபோது நான் ரிசீவரைக் கையில் வைத்தபடியே இருந்தேன்.

"யாரு?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கா இவ்வளவு நேரம்?" என்றாள். நான் பலகையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு போஸ்ட்மேனைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது.

பத்து நாளில் மகளிடமிருந்து கடிதம் வந்தது. மனைவிதான் வாங்கிக் கொடுத்தாள். "பொம்பளை கையெழுத்து" என்று மட்டும் சொன்னாள். போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பியது என்றேன். மகள் அதில், போனில் சொன்னதை எழுத்தில் தரமுடியுமா, மனசு கேட்கவில்லை, வேறொரு டாக்டரிடம் காட்டலாமா என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. நான் முதலில் ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன், பிறகு திருத்தி எழுதினேன். அதுதான் உங்கள் இடதுகைப் பக்கம் இருப்பது. அதில் எழுதியது இதுதான்: கடந்த ஒரு வருடமாக உங்கள் தந்தை அனுப்பும் அட்டைகளில் அர்த்தமுள்ள நகர்வு ஒன்றுகூட இல்லை. யானைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் இருக்கிறார். பழைய நட்பை நினைத்து நானே இருபக்கமும் ஆடி அவருக்குப் பதில் போட்டுவருகிறேன். அமைதியான இடத்தில் இருப்பதே அவருக்கு நல்லது. இந்த நான்கு வாக்கியமும் என் கையெழுத்துதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்த விதம் சுத்தமாகவே இருந்தது.

அன்றைக்கே ரேடியோக்காரருக்கும் அட்டை போட்டேன். டிராவை மறுத்துவிட்டு, என் நகர்வுக்கு அடியில் ஒரு வரி சேர்த்தேன்: உங்கள் வரிசையைக் கண்டுகொண்டேன், ஏற்ற நேரத்தில் ஆடுவேன். அக்கா மகன் பார்த்தாலும் ஆட்டப் பேச்சாகத்தான் தோன்றும். பதில் அட்டையில் ரேடியோக்காரரின் கையெழுத்து நிமிர்ந்து நின்றது. வாழ்நாள் முழுதும் எங்கோ ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நம்பி எண்களை அனுப்பிய மனிதர். கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் நிதானமாகிவிட்டார். ஆட்டத்துக்கு அந்த நிதானம் தேவைப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து மகள் ஒருநாள் போய்ப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது அப்போது தெரியாது. நேற்று அவள் வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அறையில் பலகை இல்லை, அக்கா மகன் எடுத்து ஒளித்திருக்கிறார். காலையிலேயே மாத்திரையும் கொடுத்திருக்கிறார். ரேடியோக்காரருக்கு நாக்குப் புரளவில்லை. "அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளங்கையில ஒரு விரலால தட்டிக்கிட்டே இருந்தார்" என்று சொல்லியிருக்கிறாள். "விட்டு விட்டு, கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் குறுக்கி. நான் கைநடுக்கம்னு நினைச்சுட்டேன். குனிஞ்சு காதுகிட்ட சொன்னேன். உங்ககூட ஆடறவரே எழுதியிருக்கார்ப்பா, நீங்க இப்ப ஆடறதே இல்லைன்னு, யானைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியலைன்னு. தட்டறதை நிறுத்திட்டார். கண்ணை மூடிக்கிட்டார்."

அந்த இடத்தில் நீங்கள் படிப்பதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தேதியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்துபோனது முப்பத்தாறாம் நகர்வுக்கும் முப்பத்தேழாம் நகர்வுக்கும் நடுவில். மாத்திரை மயக்கம் தெளிந்த பிறகு அவர் அனுப்பியதுதான் முப்பத்தேழு. குதிரையைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தார். தின்றால் பதினேழு நகர்வு தள்ளி என் ராஜா அகப்படும், தின்னாவிட்டால் என் கூடுதல் சிப்பாய் போய்விடும். ஆட்டத்தின் உயிரே அந்த நகர்வில்தான் இருக்கிறது. பிறகு சதுரங்கப் பத்திரிகையில் அச்சானபோது அதற்கு இரண்டு ஆச்சரியக்குறி போட்டார்கள், அபாரமான நகர்வுக்குப் போடுவது.

அதற்குப் பிறகு அவர் அட்டைகளில் ஒன்பதோ பூஜ்யமோ வரவில்லை. டிராவும் கேட்கவில்லை. மனம் முழுக்க ஆட்டத்தில் தோய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கையெழுத்து மட்டும் போகப்போக மெலிந்தது. 4ஐயும் 7ஐயும் பிரித்தறியக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஒரு நகர்வுகூடத் தப்பில்லை. ஒவ்வோர் அட்டையிலும் எழுதிய தேதியை மூலையில் கொட்டை எழுத்தில் போட ஆரம்பித்தார். முன்பெல்லாம் அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்த மாதங்களை நான் எப்படி வாழ்ந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். போஸ்ட்மேனின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவேன். அட்டை ஒருநாள் தள்ளினால் சோறு இறங்காது. அவர் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்று என்னைப்போல் கவலைப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. அந்த அக்கா மகனுக்குக்கூட ஒருமுறை எழுதினேன், அறைக்குக் காற்றோட்டம் இருக்கட்டும், மாத்திரையின் அளவு அதிகமானால் கை நடுங்கும், பார்த்துக் கொடுங்கள் என்று. அந்தக் கடிதத்தையும் நீங்கள் எடுத்திருப்பீர்கள். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐம்பதாவது நகர்வில் நான் ஒரு தவறு செய்தேன். அட்டையைப் பெட்டியில் போட்டு, வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே தெரிந்துவிட்டது. எட்டு நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன். அவர் பொறுமையாக ராணியை விலக்கி ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம். அதற்கு இன்னும் இருபது நகர்வு வேண்டும், பத்து மாதம் ஆகும். அவர் அதை ஆடவில்லை. ராணியால் என் ராஜாவுக்கு விடாமல் செக் கொடுத்தார். இந்தப் பக்கம் போனால் செக், அந்தப் பக்கம் போனால் செக். அப்படி முடிவில்லாமல் போனால் ஆட்டம் டிரா. ஐம்பத்து நான்காம் நகர்வோடு ஒப்புக்கொண்டேன். வெற்றி இருப்பதை எதிராளி கவனிக்கவில்லை என்று பத்திரிகைக் குறிப்பில் எழுதினேன். அவ்வளவு பார்த்தவர் அதை எப்படிப் பார்க்காமல் விட்டார் என்பது இன்றுவரை எனக்குப் புதிர்தான்.

டிரா முடிந்ததும் நான் மகளுக்குப் போன் செய்திருக்கலாமே என்றீர்கள். நேற்று முழுக்க அதையே மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். செய்திருக்கலாம். இனி எனக்கு எந்த நஷ்டமும் இல்லைதான். நினைத்தும் பார்த்தேன். ஆனால் அந்த ஆட்டம் கொடுத்த நிறைவில் இருந்தேன், மேடம். அந்த மாதிரி இன்னொன்று ஆடலாமே என்று தோன்றியது. புது அட்டை எடுத்து, புது ஆட்டத்தின் முதல் நகர்வாக 5254 என்று எழுதி அவருக்குப் போட்டேன். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. காய்ச்சல் கண்டு பதினோராம் நாள் போய்விட்டார், டாக்டரைக் கூப்பிடவே இல்லை என்கிறீர்கள். அதற்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் அக்கா மகன் பதில் சொல்லட்டும். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். அவர் பூட்டிய அறையில் இருந்தது எனக்குத் தெரியும். அவர் புத்தி ஊரில் யாரைவிடவும் தெளிவாக இருந்தது என்பதும் தெரியும். அதை ஒரு வார்த்தையில் சொல்லி அவரை வெளியே கொண்டுவரக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதும் தெரியும். தெரிந்தே பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் இதை என் வார்த்தையிலேயே எழுதட்டும். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆட்டத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். நாலு மாதம் கழித்து நடுப்பக்கத்தில் என் பெயரோடு வந்தது. பத்திரிகை ஆசிரியர் பண்பானவர், இறந்தவரின் மகளுக்கு ஒரு பிரதியும் இரங்கல் கடிதமும் அனுப்பியிருக்கிறார். அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் தேதி இருந்தது. அப்பாவுக்கு யானையும் குதிரையும் தெரியாது என்று நான் எழுதிய தேதி அவளிடம் இருந்தது. அவள் வந்துபோன தேதியும் இருந்தது. பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். தகர டப்பா எங்கே இருக்கிறது என்று என் மனைவி காட்டினாள். இப்போது அவள் அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறாள். பத்திரிகையில் என் பெயரைப் பார்த்தாளா என்று கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தேதி போடவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது என்று இன்று காலை கேட்டீர்கள். பொதுவாகப் போடும் வழக்கம் இல்லை, நீங்கள் விசாரித்தது சரிதான். அது என் யோசனை அல்ல. டிரா ஆனபிறகு ரேடியோக்காரர் கடைசியாக ஓர் அட்டை போட்டார். இந்தாருங்கள், இதுதான். நகர்வு ஏதும் இல்லை. மூன்றே வரி. நல்ல ஆட்டம். எல்லா நகர்வையும் தேதிகளோடு அச்சுக்குக் கொடுங்கள். உங்களுக்குப் பெயர் கிடைக்கும். இரண்டு நல்ல ஆட்டக்காரர்களுக்கு நடுவில் இருக்கும் மரியாதை அது. என்மேல் மனத்தாங்கல் இருந்திருந்தால் ஒருவர் இப்படி எழுதுவாரா?

நீங்கள் அதை வாங்கிப் வரிவரியாகப் படித்தீர்கள். எழுத்தரிடம் நீட்டினீர்கள். அவரும் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். பிறகு நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "இது உங்களுக்கு எழுதினது இல்ல. அவர் பொண்ணுக்கு எழுதினது."

இல்லை, மேடம். திருப்பிப் பாருங்கள். முகவரியில் என் பெயர்தான் இருக்கிறது.